ஒரு பாட்டு இன்னொரு பாட்டை இழுத்து வரும்போது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. கணக்குத் தணிக்கை வேலை. காலையில் வீட்டுக் கதவைப் பூட்டும்போது ஏதோ ஒரு பாட்டின் முதல் இரண்டு வரி மனதில் தொடங்கும். மாலை வரை அதே இரண்டு வரிதான். எனக்குப் பிடித்த பாட்டுகூடக் கிடையாது. சில நாள் ஒரு பாட்டு இன்னொன்றாக மாறிவிடும். போன வாரம் ஒரு காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எப்போது மாறியது என்றே தெரியவில்லை, ஒரு தாலாட்டு வந்தது. பிறகு பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் சேர்ந்து பாடிய குழுப்பாடல். மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து யோசித்து வேலையே ஓடவில்லை. ராத்திரி தூக்கம் வர மெல்லிய வாத்திய இசை கேட்கிறேன். நடுராத்திரி விழித்தால் பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்களுக்குள்ள ஒரு ரேடியோ இருக்கு" என்று மனைவி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு அடக்கினாலும் அடங்குவதில்லை. இது மனநோயின் தொடக்கமா?

பதில்: இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோயின் தொடக்கம் இல்லை. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். மீதியைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

நினைக்காமலே தலைக்குள் ஒரு பாட்டுத் துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது மனிதர்களுக்கு மிகச் சாதாரணமாக நடப்பது. பின்லாந்தில் லாசி லீக்கனென் என்ற ஆய்வாளர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2008இல் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு ஒரு தடவையாவது இது தங்களுக்கு நடக்கிறது என்று சொன்னவர்கள் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். உங்கள் மனைவியிடமும் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் நடக்கும். அவர் அதைக் கவனிப்பதில்லை, நீங்கள் கவனிக்கிறீர்கள்.

பயப்பட வேண்டிய நிலை எப்படி இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனதில் உறுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பாட்டு வெளியிலிருந்து கேட்பதுபோலத் தோன்றி, பக்கத்து அறையில் யாராவது பாடுகிறார்களா என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றினால் அது வேறு விஷயம். பெரும்பாலும் வயதானவர்களுக்கு, அதிலும் காது மந்தமானவர்களுக்கு, அப்படி நடக்கிறது. அதுவும் உடனே மனநோய் ஆகிவிடாது. ஆனால் காது மருத்துவரையும் நரம்பியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, பாட்டைத் தப்பில்லாமல் பாடி முடிக்காவிட்டால் கெட்டது ஏதாவது நடந்துவிடும் என்ற பயம், இத்தனை தடவை பாடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம். இது எண்ணச் சுழற்சி நோயின் பக்கம் போவது. நல்ல சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது. பாட்டு வரும் நேரத்தில் நினைவு தப்பினாலோ, சில நிமிடம் என்ன நடந்தது என்றே தெரியாமல் போனாலோ நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. பாட்டு தலைக்குள்தான் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. எரிச்சல் இருக்கிறது, கட்டாயம் இல்லை.

சரி, இப்போது உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருவோம். அந்த மூன்று பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் கட்டாயம் இருக்கும். ஆனால் நீங்கள் அதை அர்த்தத்தில் தேடியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காதலுக்கும் தாலாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே ஏதாவது கதை கிடைக்குமா என்று பார்த்திருப்பீர்கள். பாட்டு மனதில் பதிந்திருக்கும் விதமே வேறு. உங்கள் செல்போன் எண்ணின் ஐந்தாவது இலக்கம் என்ன என்று கேட்டால் முதலிலிருந்து சொல்லித்தான் கண்டுபிடிப்பீர்கள். பாட்டும் அப்படித்தான். ஆண்ட்ரியா ஹால்பர்ன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988இல் வெளியிட்ட சோதனைகளில் இது நன்றாகத் தெரிந்தது. நன்கு தெரிந்த ஒரு பாட்டிலிருந்து இரண்டு சொற்களைக் கொடுத்து அவற்றின் சுருதியை ஒப்பிடச் சொன்னார். பாட்டில் அந்தச் சொற்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, பதில் சொல்ல அவ்வளவு அதிக நேரம் பிடித்தது. பாட்டின் நடுவில் நேராகப் போய் இறங்க நம்மால் முடிவதில்லை. மனதுக்குள் பாடிக்கொண்டே போய்த்தான் அந்த இடத்தை எட்டுகிறோம்.

ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டை எழுப்பிவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். இரண்டு பாட்டுகளில் ஒரு துண்டு மட்டும் ஒரே மாதிரி அமைந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த இடத்துக்கு வந்ததும் அடுத்து போக இரண்டு வழி இருக்கும். எந்த வழி அண்மையில் அதிகம் புழங்கியதோ, அல்லது அன்றைய மனநிலைக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ, மனம் அதில் போய்விடும். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போய், அனுபல்லவியில் வேறொரு பாட்டுக்குள் நுழைந்துவிட்டு, "ஐயோ, இது அது இல்லையே" என்று நிற்காதவர் யார்? இரண்டும் ஒரே ராகத்தின் சாயலில் இருக்கும், அல்லது நாலைந்து சுரம் மட்டும் ஒத்துப்போகும். சங்கீதம் படிக்காதவர்களுக்கும் இது நடக்கும். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காதுக்கு அந்த ஒற்றுமை தெரிந்திருக்கிறது.

மெட்டு மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். தாளமும் வேகமும் இழுக்கும். பாட்டின் வேகம் நம் நினைவில் எவ்வளவு துல்லியமாகத் தங்கியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. டேனியல் லெவிட்டின், பெரி குக் என்ற இருவர், மனப்பாடமான பாட்டுகளை எந்தத் துணையும் இல்லாமல் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். 1996இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, பாடியவற்றில் பெரும்பகுதி அசல் பதிவின் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை. இவ்வளவு சரியாக வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும் மனம், அதே நடையில் போகும் இன்னொரு பாட்டைத் தொட்டுக்கொள்வதில் அதிசயம் என்ன?

சொல்லும் ஒரு வழிதான். சக ஊழியர் பேச்சோடு பேச்சாக ஒரு சொல்லைச் சொல்லுவார். அந்தச் சொல்லோடு தொடங்கும் பாட்டு பத்து நிமிடம் கழித்து உங்களுக்குள் எழும்பும். சொல்லைக் கேட்டது மறந்திருக்கும், பாட்டு மட்டும் திடீரென்று முளைத்ததுபோலத் தெரியும். ஒரு நினைவைத் தட்டினால் அதோடு சேர்ந்த நினைவுகளும் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொள்ளும் என்பது உளவியலில் பழைய கருத்து. ஆலன் காலின்ஸும் எலிசபெத் லாஃப்டஸும் 1975இல் அதை விரிவாக எழுதினார்கள்.

மிச்சமிருப்பவை இடமும் காலமும் ஆட்களும். உங்கள் குழுப்பாடல் அந்த வழியில் வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாலாட்டு ஓடியபோது சின்ன வயது நினைவுகள் கொஞ்சம் விழித்திருக்கும், அவற்றோடு பள்ளிக்கூடமும் வந்திருக்கும். ஆனால் நான் அந்தப் பாட்டுகளைக் கேட்கவில்லை, நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் காதல் பாட்டைச் சொற்கள் இல்லாமல் வெறும் ஹம்மிங்காகப் பாடுங்கள். ஏதாவது ஒரு வளைவில் தாலாட்டு தானாக எட்டிப் பார்த்தால் தொடர்பு மெட்டில் இருக்கிறது. எட்டிப் பார்க்கவில்லையா, மெட்டை விட்டுவிட்டு வரிகளை மட்டும் வசனம்போலச் சொல்லுங்கள். இரண்டிலும் நிலாவோ கண்ணோ ஏதாவது ஒரு சொல் பொதுவாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் மேசையில் விரலால் தாளம் மட்டும் தட்டுங்கள். எதுவுமே பிடிபடவில்லை என்றால், அந்தப் பாட்டுகளை எங்கே, யாரோடு கேட்டீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களிடம் இதைச் செய்யச் சொல்வதுண்டு. தொடர்பு கண்ணில் பட்டதும் பலருக்குப் பாதி எரிச்சல் அடங்கிவிடுகிறது. பாட்டு நிற்காமல் இருக்கலாம், ஆனால் "எனக்குள் ஏதோ தறிகெட்டு ஓடுகிறது" என்ற எண்ணம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தச் சோதனையை ஒரு பாட்டுத் தொடருக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடத்துக்குள் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். தணிக்கைக்காரர் கண்ணுக்கு விடுபட்ட கணக்கு உறுத்தும் என்று தெரியும். ஆனால் இதில் எல்லாக் கணக்கும் நேராகாது. அதையே நாள் முழுக்கத் தேடினால் அந்தத் தேடலே பாட்டுக்குத் தீனியாகிவிடும்.

அடுத்து, ஏன் அதே இரண்டு வரி? இதற்கும் மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. பல்லவியைப் பாட்டே பலமுறை திருப்பிப் பாடுகிறது. அதனால் இரண்டாவது வரி முடிந்ததும் மனதுக்கு நன்றாகப் பழகிய "அடுத்தது" மறுபடி முதல் வரிதான். சரணம் சரியாகத் தெரியாத பாட்டு என்றால் வெளியே போக வேறு வழியே இல்லை. பிடிக்காத பாட்டு மாட்டிக்கொள்வதற்கும் இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பிடித்த பாட்டை முழுதாகக் கேட்டிருப்போம், பிடிக்காததை அங்கங்கே துண்டாகத்தான் கேட்டிருப்போம்.

எல்லாப் பாட்டும் ஒரே அளவு ஒட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ஜகுபவ்ஸ்கியும் கூட்டாளிகளும் சுமார் 3000 பேர் சொன்ன பாப் பாட்டுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனதில் ஒட்டும் பாட்டுகள் சற்று வேகமானவை. மெட்டின் ஏற்ற இறக்கம் எளிதில் பிடிபடும் பொது வடிவத்தில் இருக்கும், ஆனால் நடுவில் எதிர்பாராத ஒரு தாவலோ வழக்கத்துக்கு மீறிய திருப்பலோ இருக்கும். உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று பாட்டு கேட்டுக்கொண்டு வருவதில்லை. பாடச் சுலபமாக இருந்து, ஒரு இடத்தில் மட்டும் காதைச் சீண்டினால் போதும்.

கதவைப் பூட்டும் நேரத்துக்கு வருகிறேன். தினமும் கை தானாகச் செய்யும் வேலை அது, மனதுக்கு அங்கே வேலை இல்லை. ஐரா ஹைமன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மனதுக்கு வேலை குறைவாக இருக்கும்போது பாட்டு திரும்பி வருவது அதிகம் என்று தெரிந்தது. தாங்க முடியாத அளவு வேலை இருந்தாலும் வந்தது. உங்கள் நாளில் இரண்டுமே இருக்கிறது, காலையில் பூட்டு, மதியத்துக்கு மேல் கண் சொருகும் கணக்குப் பக்கங்கள். அதோடு, ஒரே இடத்தில் ஒரே பாட்டு சில நாள் எழுந்துவிட்டால் அந்த இடமே அதைக் கூப்பிடத் தொடங்கிவிடும். எனவே பூட்டும்போது வாய்விட்டு ஏதாவது சொல்லுங்கள். "கதவு பூட்டியாச்சு, கேஸ் மூடியாச்சு" என்று சொன்னாலே போதும். வாய் பேசிக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் பாடுவது கடினம். நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே உள்ளுக்குள் ஒரு பாட்டை ஓட்டிப் பாருங்கள்.

இதே காரணத்தால் சூயிங் கம்மும் கைகொடுக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் பீமன் குழுவினர் செய்த சோதனையில் (2015) கம் மென்றுகொண்டிருந்தவர்களுக்குப் பாட்டு மனதில் எழுவது குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை, குறைந்தது. கேட்க விளையாட்டாகத் தெரிந்தாலும் மீட்டிங்குக்கு முன் செய்து பார்க்கத் தகுந்ததுதான். உள்ளுக்குள் பாடும்போது, சத்தம் வராவிட்டாலும், பேச்சுக்கான தயாரிப்பு நடக்கிறது. மெல்லும்போது அந்தத் தயாரிப்பு கெடுகிறது.

நீங்கள் செய்யக் கூடாதது, இப்போது செய்துகொண்டிருப்பதுதான், அடக்குவது. டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனை மனநலத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லி ஐந்து நிமிடம் கொடுத்தார். கரடி வந்துகொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. "போய்விட்டதா?" என்று பார்ப்பதற்கே அதை நினைக்க வேண்டியிருக்கிறது. பாட்டிலும் அப்படித்தான். "இன்னும் ஓடுகிறதா?" என்று நீங்கள் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் முதல் வரியை நீங்களே தொடங்கி வைக்கிறீர்கள்.

அதற்குப் பதிலாக, பாட்டு பிடிவாதமாக நிற்கும் நாளில் அதை ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள், சரணங்களோடு, கடைசி இசை வரைக்கும். பலருக்கு இது உதவுகிறது. சிலருக்கு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் உங்களுக்கு அந்த வழி வேண்டாம், வேறு வேலையில் இறங்குங்கள். வேலை என்றால் கவனம் கேட்கும், ஆனால் திணறடிக்காத வேலை. நல்ல கதைப் புத்தகம் படிக்கலாம், கலைந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கலாம், யாருடனாவது பேசலாம். பாத்திரம் கழுவுவது போதாது.

ராத்திரி விஷயத்தில் உங்களிடம் ஒரு பழக்கத்தை விடச் சொல்லப் போகிறேன். தூங்குவதற்கு முன் கேட்கும் அந்த வாத்திய இசையை நிறுத்துங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் இதைத் தூக்க ஆய்வகத்தில் வைத்தே பார்த்தார்கள். படுக்கப் போகுமுன் சிலருக்குப் பிரபலமான பாட்டுகளைச் சொற்களோடும், சிலருக்கு அதே பாட்டுகளின் வாத்திய வடிவத்தையும் போட்டுக் காட்டினார்கள். வாத்திய வடிவம் கேட்டவர்களுக்குத்தான் மனதில் பாட்டு அதிகம் ஒட்டியது. நடுராத்திரி விழிக்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தது, தூக்கமும் கெட்டது. 2021இல் வந்த ஆய்வு இது. தெரிந்த பாட்டைச் சொல் இல்லாமல் போட்டால் சொற்களை மனம் தானாக நிரப்பப் பார்க்கும் என்பது எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். இதற்குப் பல ஆண்டுகள் முன்னால், 2005இல், டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்துக்கொண்டே, தெரிந்த பாட்டின் நடுவில் சில விநாடிகளை வெட்டி மௌனமாக்கிப் பார்த்தார்கள். சத்தம் இல்லாத அந்த இடைவெளியிலும் கேட்டலுக்கான மூளைப் பகுதி வேலை செய்துகொண்டே இருந்தது. பாட்டு நிற்கவில்லை என்றே அதைக் கேட்டவர்களில் பலர் உணர்ந்தார்கள். நீங்கள் ஓய்வு என்று நினைத்துக் கேட்டது உங்கள் மூளைக்கு வேலையாக இருந்திருக்கிறது.

படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இசையை நிறுத்திவிட்டு, நாளை செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் காகிதத்தில் எழுதுங்கள். இதையும் ஸ்கல்லின் குழு சோதித்திருக்கிறது. முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். நடுராத்திரி விழித்துப் பாட்டு ஓடினால் மணி பார்க்காதீர்கள், பாட்டைப் பற்றியும் யோசிக்காதீர்கள். ஓடட்டும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். இதை முழுதும் தொல்லையாகவே பார்க்க வேண்டாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் குபிட், பீட்டர் ஜனாட்டா இருவரும் புதிய இசைத் துண்டுகளைச் சிலருக்குப் பழக்கினார்கள். பிறகு அந்த இசையைச் சேர்த்துச் சினிமாக் காட்சிகளைக் காட்டினார்கள். அடுத்து வந்த நாட்களில் யாருக்கு அந்த இசை மனதில் அதிகம் ஓடியதோ, அவர்களுக்குக் காட்சிகளின் விவரங்களும் நன்றாக நினைவிருந்தன. பாட்டு திரும்ப ஓடும்போது அதோடு ஒட்டியிருக்கும் நினைவும் சேர்ந்து பலப்படுகிறது. உங்கள் பள்ளிக் குழுப்பாடலை எத்தனை வருடம் கழித்து வரி மாறாமல் பாடினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் நின்று பாடியவர்களின் முகமும் கூடவே வந்திருக்கும். உட்கார்ந்து யோசித்திருந்தால் அவ்வளவும் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மூன்று வாரம் இப்படிச் செய்து பாருங்கள்: பூட்டும்போது பேச்சு, அடக்காமல் விடுவது, படுக்கைக்கு முன் இசை இல்லாமை. தூக்கம் சரியாகவில்லை என்றாலோ, பாட்டோடு பதற்றமோ மனச்சோர்வோ கூடினாலோ, உங்களுக்கு அருகில் இருக்கும் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அப்போது பாட்டைப் பற்றி மட்டும் சொல்லாமல் தூக்கம், வேலைச் சுமை, புதிதாக ஏதாவது மருந்து தொடங்கியிருந்தால் அது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருந்து எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்புறம், அந்தக் காதல் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் இடையில் என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.